தேன் யாருக்கு நல்லது? யாருக்கு ஆகாது?



நம் ராசிங்காபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் ஏலமலை தெரிகிறது. அங்கே ஏலப்பூ மலர்ந்து ஒரு நாள்தான் இருக்கும். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். ஆகவே தேனீ நமக்குச் சோறு போடுகிற ஜீவன். அது சேர்க்கிற தேனும் நமக்குப் புதிதல்ல. பளியர்கள் பாறையிலிருந்து எடுத்து வரும் மலைத்தேன், மரப்பொந்தில் கிடைக்கும் அடுக்குத்தேன் என்று எல்லா வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கிறது.

"தேன் சாப்பிட்டா நூறு வயசு இருக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? அதே தேனைப் பச்சைப்பிள்ளை நாக்கில் வைக்கலாமா? இந்த இரண்டு கேள்விக்கும் கணவனும் மனைவியும் சேர்ந்து பதில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேனில் என்ன இருக்கிறது?

தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். மகரந்தம், புளிப்புச்சத்து, தாதுஉப்பு எல்லாம் மிகக் கொஞ்சம். ஒரு தேக்கரண்டி தேன் சுமார் 7 கிராம். அதில் கிடைக்கும் சக்தி சுமார் 20 கலோரி. தேனில் தண்ணீர் குறைவாகவும் புளிப்பு அதிகமாகவும் இருப்பதால் பெரும்பாலான கிருமிகள் அதில் பெருகுவதில்லை. அதனால்தான் தேன் நாள்பட இருக்கிறது.

தேன் ஆயுளைக் கூட்டுமா?

நம்மைப் போலவே தேனைப் போற்றுகிறவர்கள் கிரேக்க நாட்டில் இருக்கிறார்கள். அங்கே இக்காரியா என்று ஒரு மலைத்தீவு. தைம் என்ற வாசனைச் செடியிலிருந்தும் பைன் மரக் காட்டிலிருந்தும் அங்கே தேன் எடுக்கிறார்கள். அந்தத் தீவில் தொண்ணூறு வயசைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். 2009-ல் ஏதென்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் அங்கே போய் ஆராய்ந்தார்கள். முதியவர்கள் தினமும் மேடுபள்ளம் ஏறி இறங்குகிறார்கள். பயறு, கீரை, காய் அதிகம் சாப்பிடுகிறார்கள். மதியம் சற்றுக் கண்ணயர்கிறார்கள். சொந்தபந்தத்தோடு கூடி வாழ்கிறார்கள். தேனும் சாப்பிடுகிறார்கள். இத்தனையும் சேர்ந்த வாழ்க்கையில், தேன் ஒன்றுதான் ஆயுளைக் கூட்டியது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

நம் ஊரிலும் மொச்சை, தட்டாம்பயறு, கேப்பைக்கூழ், முருங்கைக்கீரை சாப்பிட்டுக் காட்டுவேலைக்கு நடந்த பாட்டன், பாட்டி எண்பதைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்த முறையை விட்டுவிட்டுத் தேனை மட்டும் வாங்கிக் குடித்தால் போதுமா? போதாது.

யாருக்கு நல்லது?

ஒரு வயசு முடிந்த பிள்ளைக்குச் சளி, இருமல் வந்து ராத்திரி தூக்கம் கெட்டால், படுக்கும் முன் அரை அல்லது ஒரு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். இருமல் சற்று அடங்கும். ஆனால் மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ தேனை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் அளவாகத் தேன் சாப்பிடலாம். அதனால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் "தேனும் பேரீச்சையும் சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையை மூலையில் போடாதீர்கள். ஒரு கரண்டித் தேனில் இருக்கும் இரும்புச்சத்து கணக்கில் சேராது. கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் அந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தேனும் சர்க்கரைதான். "மலைத்தேன் ஒண்ணும் செய்யாது" என்பது தவறு.

தீக்காயம் பட்டால் வீட்டுத் தேனைத் தடவ வேண்டாம். ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு வைக்கும் தேன் கிருமி நீக்கப்பட்டது, அது வேறு. காயத்தின் மேல் 20 நிமிஷம் குளிர்ந்த தண்ணீர் விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

யாருக்குக் கூடவே கூடாது?

ஒரு வயசு முடியாத குழந்தைக்கு ஒரு துளித் தேன்கூடக் கூடாது.

பிரசவ வார்டுகளில் நான் பலமுறை பார்த்த காட்சி இது. பிள்ளை பிறந்ததும் அப்பத்தாவோ அம்மாச்சியோ தேனில் விரலைத் தொட்டுச் சேனை வைக்க வருவார்கள். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அவர்கள் பாசத்தில் குறை இல்லை. ஆனால் அந்தத் துளியில் ஆபத்து இருக்கலாம்.

கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி மண்ணிலும் தூசியிலும் இருக்கிறது. அதன் வித்துகள் தேனுக்குள் வந்து சேரலாம். சுத்தமான மலைத்தேனிலும் வரலாம், கடைத்தேனிலும் வரலாம். தேனைச் சுட வைத்தாலும் அந்த வித்து சாகாது. பெரியவர்கள் குடலில் அது முளைப்பதில்லை. பச்சைப்பிள்ளையின் குடல் இன்னும் பக்குவப்படாததால் அங்கே முளைத்து விஷத்தைக் கக்கும். அந்த விஷம் நரம்பைத் தாக்கும். 1976-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் கைக்குழந்தைகளிடம் இந்த நோயை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். நோய் வந்த குழந்தைகளில் சிலருக்குத் தேன் கொடுத்திருந்தது பிறகு தெரியவந்தது. இது அபூர்வமான நோய்தான். வந்துவிட்டால் மூச்சே நின்றுபோகலாம்.

பிள்ளைக்கு மலம் கட்டும். பால் உறிஞ்சும் பலம் குறையும். அழுகைச் சத்தம் மெலியும். கண் இமை தொங்கும். கழுத்தும் கைகாலும் துவண்டுவிடும். இப்படிக் கண்டால் 108-ஐ அழையுங்கள். தேன் கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

சேனைக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. தேனும் சீனித்தண்ணியும் நாக்கில் பட்டால் பிள்ளை தாய்ப்பால் குடிப்பது தாமதமாகும். விரலில் இருக்கும் கிருமியும் வயிற்றுக்குள் போகும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சளாகச் சுரக்கும் சீம்பாலைக் கொடுக்க வேண்டும். நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

பிள்ளை பெற்று அலுத்துக் கிடக்கும் மருமகள் மாமியாரை எதிர்த்துப் பேச முடியாது. இது கணவன் பேச வேண்டிய பேச்சு. பிரசவத்துக்கு முன்பே, ஏழாம் மாசத்திலேயே சொல்லி வையுங்கள். "ஆத்தா, தேன் வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீங்க கையைக் கழுவிட்டு முதல்ல பிள்ளையைத் தூக்கி, உங்க கையாலேயே தாய் மார்பில் விடுங்க. அதுதான் சேனை" என்று சொல்லுங்கள். பெரியவர்கள் மனசும் நோகாது, பிள்ளைக்கும் நல்லது. கேட்க மறுத்தால் கிராம சுகாதார செவிலியரை வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்லுங்கள்.

தேன் வாங்கும்போது

தண்ணீரில் சொட்டு விடுவது, துணியில் நனைத்துக் கொளுத்துவது போன்ற சோதனைகளை நம்ப முடியாது. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 கம்பெனித் தேனைச் சோதித்ததில், எல்லாச் சோதனையிலும் தேறியவை 3 மட்டுமே. மற்றவற்றில் சர்க்கரைப் பாகு கலப்படம் இருந்ததாக அது சொன்னது. ஆகவே தெரிந்தவரிடம், எடுத்த இடம் கேட்டு வாங்குங்கள். மருந்து அடித்த தோட்டத்துத் தேன் வேண்டாம். தேனை வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். உறைந்தால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். நுரைத்துப் புளித்த வாடை வந்தால் சாப்பிடாதீர்கள்.

நினைவில் வையுங்கள்

ஆயுள் என்பது முதல் வயசிலேயே தொடங்குகிறது. சீம்பால், காலத்தில் தடுப்பூசி, அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருஷ இடைவெளி ஆகியவை பிள்ளைக்கும் தாய்க்கும் ஆயுளைக் கூட்டும். இடைவெளிக்கான வழிகளைச் செவிலியரிடம் இருவரும் சேர்ந்தே கேளுங்கள்.

பிள்ளையின் முதல் பிறந்த நாள் முடியட்டும். அதுவரை தேன் பாட்டில் பரணிலேயே இருக்கட்டும்.