பல்கலைக்கழகத்துக்கு அடியில் ஓர் இடுகாடு

கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரில் உள்ள அரிஸ்டாட்டில் பல்கலைக்கழக வளாகம், 1942 வரை யூதர்களின் இடுகாடு. ஏறத்தாழ 86 ஏக்கர் நிலம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். ஐரோப்பாவின் மிகப் பெரிய யூத இடுகாடுகளில் அதுவும் ஒன்று.

1492இல் ஸ்பெயின் துரத்திவிட்ட யூதர்களுக்கு ஒட்டோமான் பேரரசு இடம் கொடுத்தது. அவர்களில் பலர், அப்போது அந்தப் பேரரசில் இருந்த இந்த நகரில் குடியேறினர். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் துறைமுகமே அன்று மூடிக் கிடக்கும். 1913 கணக்கெடுப்பில் நகரின் 1,57,889 பேரில் 61,439 பேர் யூதர்கள். புதைத்த உடலைத் தோண்டுவதை அவர்கள் மரபு ஏற்பதில்லை. எனவே நகரமதிலுக்கு வெளியே இடுகாடு தலைமுறை தலைமுறையாக விரிந்துகொண்டே போனது.

இதை நாஜிகள் அழித்தார்கள் என்று சொல்லி நிறுத்துவது பாதி உண்மைதான். 1917இல் நகரில் நடந்த பெரும் தீ விபத்துக்குப் பிறகு போட்ட நகரத் திட்டத்திலேயே அந்த நிலம் பல்கலைக்கழகத்துக்குக் குறிக்கப்பட்டுவிட்டது. யூதர்களின் எதிர்ப்பால் வேலை இழுபட்டது. 1942 ஜூலையில், நகரை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கான யூத ஆண்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்தனர். அவர்களை மீட்கப் பெரும் பணயத்தொகை பேசப்பட்டது. அந்தப் பேரத்தில் இடுகாடும் சேர்ந்துகொண்டது. டிசம்பரில் இடிப்பு தொடங்கியது. அனுமதி ஜெர்மானியருடையது, ஆள் அனுப்பியது நகராட்சி. உறவினர்கள் ஓடிவந்து, கையில் அகப்பட்ட எலும்புகளைப் பொறுக்கினார்கள்.

பளிங்குக் கற்கள் கட்டுமானப் பொருளாயின. நடைபாதையில் பதித்தார்கள், சுவர் எழுப்பினார்கள், நீச்சல் குளம் கட்டினார்கள், தேவாலயங்களைக்கூடச் செப்பனிட்டார்கள். இறந்தவரின் பெயர் செதுக்கிய எபிரேய எழுத்தின் மீதே மக்கள் நடந்தார்கள். அடுத்த சில மாதங்களில், 1943 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, உயிரோடிருந்த 45,000க்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றி அனுப்பினர். பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர்.

போருக்குப் பிறகும் நிலம் திரும்பி வரவில்லை. பல்கலைக்கழகக் கட்டடங்கள்தான் எழுந்தன. வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் வைக்க 2014 ஆனது. அதையும் விஷமிகள் பலமுறை சேதப்படுத்தினார்கள். 2012இல் நகரின் ஓரிடத்தில் 600க்கும் மேற்பட்ட கல்லறைத் துண்டுகளைக் காவல்துறை கண்டெடுத்தது. சுவர்களிலும் தரையிலும் இன்னும் புதைந்திருப்பவற்றைத் தேடி எடுத்து யூத சமூகத்திடம் ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு, அவற்றைப் பெயர்த்த நகராட்சிக்கே உண்டு.