கல்கண்டுக்குள் ஒரு நூல்

கல்கண்டைக் கடிக்கும்போது சில சமயம் பல்லில் நூல் சிக்கும். அழுக்கு என்று துப்பிவிடுகிறோம். அந்த நூலைப் பிடித்துத்தான் கல்கண்டே வளர்கிறது. சூடான பாகு ஆற ஆற, தன்னால் தாங்க முடியாத அளவு சர்க்கரையைச் சுமந்து நிற்கும். உபரிச் சர்க்கரை ஒட்டிக்கொள்ள இடம் தேடும்போது நூல் கைகொடுக்கிறது. அசைக்காமல் நாள்கணக்கில் ஆறவிட்டால் கட்டிகட்டியாகக் கல்கண்டு. அவசரப்பட்டுக் கிளறினால் அதே பாகு பொடிப்பொடியாகப் பூத்துவிடும்.

உப்பளம் முதல் மருந்து ஆலை வரை எல்லோரும் மல்லுக்கட்டுவது இந்த அவசரத்தோடுதான்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர் போய், இடப்பக்கம் திரும்பினால் கேளம்பாக்கம். அங்கிருந்து கோவளம் வரை நெடுங்காலமாக உப்பளப் பூமி. ஒரு லிட்டர் கடல்நீரில் உப்புகள் சுமார் 35 கிராம். தண்ணீர் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காக வற்றினால்தான் சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். அதைக் கண்ணால் கணிக்க முடியாது. போமே மானி என்ற கண்ணாடி மிதவையை விட்டு ‘டிகிரி’ பார்க்க வேண்டும். கடல்நீர் 3 டிகிரிக்குச் சற்று மேல். 25-க்குள் ஜிப்சத்தின் பெரும்பகுதி படிந்துவிடும். பிறகு உப்பு. 30-ஐ நெருங்கவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும் என்பதால், அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும்.

கேளம்பாக்கம் வழியாகப் போகும் பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே ஆலத்தூர் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை. செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகளின் மூலப்பொருள் தயாராகும் இடம். மருந்துப் படிகமாக்கலில் நூலின் வேலையை ‘விதை’ செய்கிறது: அதே மருந்தின் சிறு படிகங்களை உரிய நேரத்தில் கரைசலில் தூவுவார்கள். தொட்டியைச் சட்டென்று குளிர்வித்தால் கோடிக்கணக்கில் நுண்துகள்கள் பிறந்து வடிகட்டியை அடைத்துவிடும். காயவைக்கவும் நேரமாகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, மூலக்கூறுகள் வேறு விதமாக அடுக்கிக்கொள்வது. எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிர் 1996-இல் விற்பனைக்கு வந்தது. 1998-இல், எளிதில் கரையாத புதிய படிக வடிவம் திடீரென்று தலைகாட்டியது. மருந்து அதேதான், அடுக்கு மட்டுமே வேறு. காப்ஸ்யூல்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நோயாளிகள் பட்ட தவிப்பை நினைத்தால், படிகத்தைக் கண்காணிப்பது ஏதோ ஆய்வகப் பொழுதுபோக்கு என்று சொல்ல மனம் வராது.

இன்று தொட்டிக்குள்ளேயே லேசர் கம்பியை இறக்கி, துகள்களின் அளவும் எண்ணிக்கையும் மாறுவதை நொடிக்கு நொடி பார்க்க முடிகிறது. கரைசலின் செறிவை அகச்சிவப்பு ஒளி சொல்கிறது. இப்படி உற்பத்தி நடக்கும்போதே அளக்கும் முறையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் வழிகாட்டுதலாகவே வெளியிட்டது.

கேளம்பாக்கத்துக்கும் ஆலத்தூருக்கும் நடுவே காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரி. படிக வளர்ப்பு ஆய்வில் பேர்பெற்ற பேராசிரியர் பி. ராமசாமி பணியாற்றிய இடம். ஆய்வாளர் சங்கரநாராயணனும் அவரும் 2005-இல் வெளியிட்ட முறையில், கண்ணாடிக் குழாயின் அடியில் விதைப் படிகத்தை வைத்துக் கரைசலை மேலிருந்து ஆவியாக்குவார்கள். படிகம் ஒரே திசையில் வளரும். கரைந்த பொருள் ஏறக்குறைய முழுவதும் படிகமாகிவிடும்.

உப்பளமும் ஆய்வகமும் ஆலையும் இப்படி ஒரே சாலையில் வேறெங்கே அமையும்? வேதிப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளின் இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பை ஆலத்தூரின் சிறு ஆலைகளிலிருந்தே எடுத்துக் கொடுங்கள் என்று கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.