ஈரலழற்சி ‘சி’ நோயும் அதன் மருத்துவமும்

நோயுற்ற காலத்தும் நெடுநாள் முறையிடாது தொழில் புரியும் உறுப்பு ஈரல். இவ்வியல்பே ஈரலழற்சி ‘சி’ நோய்க்கு நல்லதொரு மறைவிடமாயிற்று. குருதி வழியாகப் பரவும் இந்நோயின் வைரசு தொற்றியோரிற் சிலர் மருந்தின்றியே நலம் பெறுவர். 100 பேரில் ஏறத்தாழ 70 பேரிடத்து அது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடுகின்றது. பல்லாண்டுகள் கழிந்த பின்னரே ஈரலரிப்பு, ஈரற் புற்றுநோய் என்பன சிலரிடத்துத் தலைகாட்டும்.

குருதி ஏற்றப்பட்ட நோயாளர் சிலருக்கு, ‘ஏ’ வகையும் ‘பி’ வகையும் அல்லாத ஈரலழற்சி உண்டாதலை ஹாவி ஓல்ரர் 1970களில் எடுத்துக்காட்டினார். அதற்குக் காரணமான வைரசை மைக்கல் ஹூற்றனும் அவர்தம் குழுவினரும் 1989இல் இனங்கண்டனர். இவ்விருவரும் சாள்ஸ் றைசும் 2020இல் நோபல் பரிசு பெற்றனர்.

முதலில் வழங்கப்பட்ட மருந்து இன்ரபெரோன். அது வைரசை நேரே தாக்குவதன்று; உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது. பின்னர் றைபவிரின் என்னும் மருந்தும் உடன் சேர்க்கப்பட்டது. ஓராண்டு வரை நீடித்த அம்மருத்துவம் காய்ச்சல், குருதிச்சோகை, மனச்சோர்வு ஆகியவற்றை விளைத்தது. திருத்திய வகைகள் வந்த பின்னரும் ஏறத்தாழப் பாதிப்பேரே குணமடைந்தனர்.

வைரசு பெருகும் முறையை அறிந்த பின்னரே புதுவழி பிறந்தது. இவ்வைரசு ஈரற் கலத்தினுட் புகுந்து, தனக்குரிய நொதியத்தின் துணையால் தன் ஆர்.என்.ஏ. இழையைப் படியெடுக்கின்றது. 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சொபொஸ்புவிர், அவ்விழையின் உறுப்புப்போல நடித்து இடையிற் புகும். புகுந்ததும் இழை மேலும் வளராது நின்றுவிடும். பிறிதொரு மருந்துடன் இதனை 12 வாரம் உட்கொள்வோரில் 100க்கு 95 பேருக்கு மேல் குணமடைகின்றனர். ‘பி’ வகை வைரசைப் போல இது கலத்தின் கருவினுள் நிலையான படியை வைத்துச் செல்வதில்லை. ஆதலின் முற்றாக ஒழிக்க முடிகின்றது.

மருந்து கிடைத்தாலும் விலை தடையாயிற்று. அமெரிக்காவில் 12 வாரச் சொபொஸ்புவிரின் விலை 84,000 டொலராக விதிக்கப்பட்டது. இத்தடையைக் கடந்த நாடு எகிப்து. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை, நத்தை வழிப் பரவும் புழுநோயைத் தீர்க்க அங்கு அந்திமனி மருந்து ஊசிமூலம் ஏற்றப்பட்டது. செவ்வனே கிருமி நீக்கப்படாத ஊசிகளே ஈரலழற்சியைப் பரப்பின. ஒரு நோயைத் தீர்க்கச் செய்த நன்முயற்சி மற்றொரு நோய்க்கு வித்தாயிற்று. 2014இல் எகிப்திய அரசு அதே மருந்தை ஏறத்தாழ 900 டொலருக்குப் பெற்றது. பின்னர் உள்நாட்டு உற்பத்தியால் விலை மேலும் வீழ்ந்தது. 2018இல் நாடளாவிய குருதிச் சோதனை தொடங்கிற்று. 40 இலட்சம் பேருக்கு மேல் மருத்துவம் பெற்றனர். 2023இல் உலக சுகாதார நிறுவனம் எகிப்தின் முன்னேற்றத்தைச் சிறப்பித்து ஏற்றுக்கொண்டது.

எனினும், 2022இல் உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என அந்நிறுவனம் மதிப்பிட்டது. இதற்குத் தடுப்பூசி இல்லை. குணமடைந்தோரையும் இது மீண்டும் தொற்றக்கூடும். ஆதலின் தூய ஊசியும், சோதிக்கப்பட்ட குருதியும், நோயுற்றோரைக் காலத்தே கண்டறிதலும் மருந்துக்கு ஒப்பான இன்றியமையாமை உடையன. தமக்கு நோயுண்டென அறியாதாருக்கு எத்துணைச் சிறந்த மருந்தும் பயன்படாது.