எரிந்தும் எரியாத காமன்

இளவேனிலின் வருகையை ஒட்டித் தமிழ்நாட்டில் எடுக்கப்படும் வளமை விழாக்களுள், அதாவது மண்ணும் மனித குலமும் தழைக்க வேண்டி நிகழ்த்தப்படும் விழாக்களுள், காமன் பண்டிகை தனி இடம் உடையது. எறையூரில் சர்க்கரை ஆலை அமையும் அளவுக்குக் கரும்பு விளையும் பெரம்பலூர் மாவட்டத்திலும், அதை அடுத்த அரியலூர் மாவட்டத்திலும், காவிரிப் படுகையிலும் உள்ள சிற்றூர்கள் பலவற்றில் அது இன்றும் நடைபெறுகிறது. கரும்பை வில்லாகவும், வண்டின் வரிசையை நாணாகவும், தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்னும் ஐம்மலர்களை அம்பாகவும் ஏந்தும் மன்மதனுக்கு வேனிலே தோழன் ஆதலால், அவன் விழா பருவத்தின் விழாவும் ஆகிறது.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் ஊர்ப் பொதுவிடத்தில் கம்பம் ஊன்றுவர். கம்பம் என்றால் இங்கு வெறும் மரம் அன்று. கரும்பு, ஆமணக்கு முதலியவற்றைச் சேர்த்து, வைக்கோல் பிரி சுற்றி, ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகளோடு அமைக்கப்படும் காமனின் வடிவம் அது. கணுவுக்குக் கணு துளிர்க்கும் கரும்பையும் விரைந்து வளரும் ஆமணக்கையும் வளமைக் குறிகளாகக் கொள்வதில் தவறில்லை. முழுநிலவு இரவில் ரதியும் மன்மதனுமாக வேடம் புனைந்தோர் ஆடிப் பாட, சிவனின் நெற்றிக்கண் நெருப்பாகக் கருதப்படும் தீ அக்கம்பத்துக்கு இடப்படுகிறது. வடநாட்டு ஹோலியும் இப்பருவத்து முழுநிலவையே ஒட்டி வருகிறது.

சூரபன்மனின் கொடுமை தாளாத தேவர்கள், முருகன் பிறப்பதற்காகச் சிவனின் தவத்தைக் கலைக்குமாறு காமனை ஏவினர் என்பதும், அவன் மலரம்பு எய்து சாம்பலானான் என்பதும் புராணம். அது நிகழ்ந்த இடமாக மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கை வீரட்டத்தைச் சைவர் போற்றுவர். ஊர் விழாவிலோ சிவனின் வெற்றியைவிட ரதியின் புலம்பலே நெஞ்சை உலுக்குவது. கணவனை இழந்தவளின் ஒப்பாரி ஊரார் அனைவரின் துயரமாக அங்கே ஒலிக்கிறது. வளமையையும் மரணத் துயரையும் இணைக்கும் இத்தகைய புலம்பல் பிற நாட்டிலும் இருந்தது: பண்டைய ஏதென்சு நகரப் பெண்களும் சட்டிகளில் விதை முளைக்கவைத்து, இளமையில் மாண்ட அடோனிசுக்காக அழுதனர்.

காமனை வழிபடுவதும் பழைய வழக்கமே. சிலப்பதிகாரத்தில் காமவேள் கோட்டத்தைத் தொழுமாறு கண்ணகியிடம் அவள் தோழி தேவந்தி கூறுகிறாள். நாச்சியார் திருமொழியின் முதற் பதிகத்தில் ஆண்டாள், திருமாலை அடையவே காமனை வேண்டி, நெல்லும் கரும்பும் அவலும் படைக்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்த தமிழர் இவ்விழாவை இலங்கை மலையகத்துக்கும் கொண்டுசென்றனர். அங்கு அது காமன் கூத்தாக, தப்பின் முழக்கத்தோடு நிலைத்திருக்கிறது.

தஞ்சை மராட்டியர் காலத்தில் வேரூன்றிய லாவணி என்னும் வாதப் பாட்டு, இவ்விழாவுக்கு அறிவின் கூர்மையைச் சேர்த்தது. காமன் எரிந்தான் என்று எரிந்த கட்சியும், எரியவில்லை என்று எரியாத கட்சியும், டேப்பு என்னும் தோற்கருவியை அடித்துக்கொண்டு வினாவும் விடையுமாக இரவெல்லாம் பாடுகின்றன. இரு கட்சிக்கும் ஆதாரம் ஒரே கதையில் இருக்கிறது: ரதியின் வேண்டுதலுக்கு இரங்கிய சிவன் காமனுக்கு உயிர் அளித்தபோது, பிறர் கண்ணுக்கு உருவமற்றவனாகவும் ரதி ஒருத்திக்கு மட்டும் உருவுடையவனாகவும் இருக்கவே வரம் தந்தார்.