மேல்தாடையில் இரண்டாவது திருகு

கிணத்துக்கடவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மாவுக்கு மேல் கடைவாய்ல போட்ட இம்ப்ளான்ட் ரெண்டே மாசத்துல வலியே இல்லாம ஆடி, கையோட வந்துருச்சுங்க. கீழ்த்தாடைல போட்டது ஜம்முனு நிக்குது. மேல மறுபடி போடலாம்ங்கறாங்க. போடலாமுங்களா?"

போடலாம். ஆனால் 'ஒரே நாளில் புதுப் பல்' என்று சாலையோரப் பலகைகள் சொல்லும் வேகத்தில் அல்ல.

வரலாறு சுருக்கமாக. 1950களில் சுவீடனின் லுண்ட் நகரில் பிரோனெமார்க் என்பவர், முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால், எலும்பு அதை விடவில்லை. 1965இல் முதல் மனித நோயாளியின் தாடையில் பல்லுக்காகப் போட்ட டைட்டானியத் திருகுகள் (இம்ப்ளான்ட்), அவர் 2006இல் இறக்கும்வரை நின்றன. விளம்பரங்களுக்கு இந்த 41 ஆண்டுக் கதை என்றால் கொள்ளைப் பிரியம். அந்தத் திருகுகள் கீழ்த்தாடையில் போட்டவை என்பதையோ, பல்லை மாட்டுமுன் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் என்று பிரோனெமார்க் காக்க வைத்ததையோ அவை சொல்வதில்லை.

பாகல் பந்தலுக்குக் கல்கால் நட்டவர்களுக்கு இந்தக் காத்திருப்பு புரியும். கடப்பாரையால் மண்ணை இடித்து இறுக்கி, சில காலம் விட வேண்டும். நட்ட அன்றே கம்பி இழுத்துக் கட்டினால் கால் அசையும்; அசைந்த இடத்தில் மண் விலகும்; விலகினால் இன்னும் அசையும். கீழ்த்தாடை சுக்காம்பாறை. மேல்தாடையின் கடைவாய்ப் பக்கம் பொலபொலவென்ற மண். அதிலும் கல்காலைத் தலைகீழாக, அண்ணாந்து பார்த்து நட வேண்டும். மண்ணுக்கு அந்தப் பக்கம் சைனஸ் என்னும் காற்றறை. போதாததற்கு இந்த மண் உயிருள்ளது. கல்காலைச் சுற்றி இறுகியிருப்பதைத் தானே தின்றுவிட்டு, பிறகு புதுமண் போட்டுப் பிடிக்கும். எந்தத் தோட்டத்திலும் நடக்காத காரியம்தான். விஷயமே அதில்தான் இருக்கிறது.

திருகை முறுக்கி இறக்கும்போது அதன் புரிகள் எலும்பை நெருக்குகின்றன. நெருக்கத்தில் செத்த எலும்பை அரிக்கும் செல்கள் வந்து கரைக்கின்றன. ஆக, முதல் நாள் பிடிப்பு நாளுக்கு நாள் தளர்கிறது. இன்னொரு பக்கம் புது எலும்பு மெல்ல வளர்கிறது. பழையது போய்ப் புதியது வந்து சேராத அந்த இடைவெளி, ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம்வரை. அப்போதோ ஈறு ஆறிவிட்டது, வலி இல்லை, கடிக்க வீட்டில் முறுக்கும் இருக்கிறது.

அந்த நாட்களில் திருகு சுமார் 150 மைக்ரானுக்கு மேல், அதாவது தலைமுடிப் பருமன் ஒன்றிரண்டு அளவுக்கு அசைந்துகொண்டே இருந்தால், முளைவிடும் ரத்த நாளங்கள் அறுகின்றன. எலும்பாக வேண்டிய இடம் நாராகிவிடுகிறது. நார் உறை வலிக்காது, பிடிக்கவும் பிடிக்காது. முதல் நாள் பிடிப்பே குறைவான மேல்தாடையில் தளர்ச்சி இன்னும் ஆழமாக இறங்கும். அம்மாவின் திருகு கையோடு வந்ததற்கு இது முக்கியமான சந்தேகம். கிருமித் தொற்றும் அடங்காத சர்க்கரையும் அடுத்தவை.

இனி மறுமுறை. கழன்ற திருகைவிடக் கழன்ற குழிதான் தொல்லை. நார்த் திசுவை ஒரு துளி விடாமல் சுரண்டி எடுத்தால்தான் எலும்பு உள்ளே வரும். மிச்ச எலும்பு போதுமானால் சில மாதம் கழித்துச் சற்றுப் பருத்த திருகு போடலாம். கடைவாய்ப் பல் போன மேல்தாடையில் பெரும்பாலும் போதாது. சைனஸ் கீழே இறங்கி, 4 மி.மீ. எலும்புகூட மிஞ்சாமல் போவதுண்டு. அப்போது சைனஸின் மெல்லிய சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் எலும்புத் தூள் நிரப்பி, அரை ஆண்டு பொறுக்க வேண்டும். அந்தத் தூள் பல நேரம் மாட்டெலும்பிலிருந்து வருவது. சைவக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் செயற்கைத் தூளும் உண்டு. இப்படித் தூள் நிரப்பவும் வழியில்லாதவர்களுக்குக் கன்ன எலும்புவரை போகும் 30 மி.மீ.க்கு மேற்பட்ட நீளத் திருகு இருக்கிறது. ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு அது வேண்டாத வேலை.

முதல் முறை 100க்கு 90க்கு மேல் நிலைக்கும். அதே குழியில் இரண்டாம் முறை அந்த அளவு கிடைப்பதில்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே தேதி குறிக்குமுன் 3டி ஸ்கேனில் எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சம் என்று கேளுங்கள். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். இரு பக்கப் பற்களும் ஏற்கெனவே தொப்பி போட்டவை என்றால், அவற்றைத் தாங்கலாக்கிப் பிரிட்ஜ் கட்டிக்கொள்வதும் மோசமில்லை.