குழாயும் பெட்டியும்

ஒரு கருவியின் ஓர் உறுப்பை மாற்றினால், அதனைத் தொட்டுநிற்கும் பிற உறுப்புகளையும் ஆராய்தல் வேண்டும். நெம்புகோல் துப்பாக்கியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அமெரிக்காவில் 1860இல் உருவான ஹென்றி துப்பாக்கியில், சுடுகுழலின் அடியில் மற்றொரு குழாய் இருந்தது. அதனுள் தோட்டாக்கள் தொடர்வண்டிப் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சுருள்வில் அவற்றைப் பின்னோக்கித் தள்ளும். நெம்புகோலை இயக்கியதும் சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறும். புதிய தோட்டா உள்ளே புகும்.

அத்தோட்டாக்களில் தீமூட்டும் மருந்து அடிப்பகுதியின் விளிம்பில் இருந்தது. 1873ஆம் ஆண்டு வின்செஸ்டர் துப்பாக்கியின் தோட்டாவில் அது அடிப்பகுதியின் நடுவிடத்திற்கு மாறியது. குழாயில் பின்னால் நிற்கும் தோட்டாவின் முனை, முன்னதன் நடுவிடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூராக இருப்பின், சுடும்போது எழும் அதிர்வில் அது ஊசிபோல் குத்தக்கூடும். குழாய்க்குள்ளேயே தோட்டா வெடித்தால், துப்பாக்கியைத் தாங்கிய கை சிதையும். ஆதலின், இவ்வகைத் துப்பாக்கிக்குத் தட்டை முனைக் குண்டுகளே ஏற்றவை.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895ஆம் ஆண்டு வின்செஸ்டர், குழாயை விடுத்துப் பெட்டியை ஏற்றது. அதில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால், ஒன்றன் முனை மற்றொன்றின் அடியைத் தொடுவதில்லை. கூர்முனைக் குண்டையும் அச்சமின்றி இடலாம். ஓசூர்ப் பகுதியின் ஜவளகிரி முதலிய காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளை எதிர்கொண்டு, அவ்வனுபவங்களை நூல்களாக எழுதிய கென்னத் ஆண்டர்சன் ஏந்தியது இத்துப்பாக்கியே. நெம்புகோல் மாறவில்லை, தோட்டாக்கள் நிற்கும் முறை மாறியது. அம்மாற்றமே சுடுபவரின் கையைக் காத்தது.