கார்பன் குச்சி அறுக்க ஒரு கைப்பட்டறைக் கருவி

விளையாட்டுப் பட்டங்களின் சட்டமாகவும், மாதிரி விமானங்களின் இறக்கைக்குள் ஓடும் தாங்குதண்டாகவும், வில்வித்தை அம்பாகவும் பயன்படும் கார்பன் குச்சி, எடைக்கு எடை ஒப்பிட்டால் எஃகையும் விஞ்சும் வலிமை கொண்டது. எனினும் அதைத் தேவையான நீளத்துக்குத் துண்டாக்க முற்படும்போது அதன் பலவீனம் வெளிப்பட்டுவிடுகிறது. மிக மெல்லிய கார்பன் இழைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து, எப்பாக்ஸி எனப்படும் பிசினில் தோய்த்து, சூடான அச்சின் வழியே இழுத்து இறுகச் செய்வதால் இழைகள் யாவும் நீளவாக்கிலேயே அமைகின்றன. ஓர் இழையை அடுத்த இழையோடு பிணைத்திருப்பது இடையிலுள்ள பிசின் மட்டுமே. ஆகவே கட்டிங் பிளேயரால் நசுக்கினால், மூங்கிலில் வெட்டுக்கத்தி இறங்கியதைப் போல விரிசல் நீளவாக்கில் ஓடுகிறது. வெளியே தெரியாத அந்தப் பிளவு பின்னர் சுமை ஏறும்போது முறிவாக வெளிப்படுகிறது. இக்குச்சியை நறுக்கக் கூடாது, தேய்த்தே அறுக்க வேண்டும்.

தேய்த்து அறுத்தால் தூள் எழும். உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது. ஓர் இழையின் தடிமன் ஏறத்தாழ 5 முதல் 7 மைக்ரான், அதாவது தலைமயிரில் சுமார் பத்தில் ஒரு பங்கு. உடைந்த இழைத்துண்டுகள் தோலில் முள்ளாகத் தைத்து அரிப்பூட்டுகின்றன, கண்ணை உறுத்துகின்றன, நுண்ணிய தூளோ மூச்சுக்குழலுக்குள் செல்கிறது. கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால், காற்றில் மிதக்கும் தூள் மின்கருவிகளின் உள்ளே படிந்து குறுக்குச்சுற்றையும் உண்டாக்கும். 1999 மே மாதம் செர்பியாவின் மின்கட்டமைப்பைச் செயலிழக்கச் செய்ய நேட்டோ படைகள் வீசிய குண்டுகள் இத்தகைய கடத்தும் இழைகளையே மின்கம்பிகள் மீது பரப்பின என்பதை நினைத்தால், பட்டறைத் தூளை அலட்சியப்படுத்தத் தோன்றாது.

எனவே வீட்டில் செய்யும் கருவிக்கு அறுப்பது சிறிய வேலையே. குச்சியை அசையாமல் பிடிப்பதும் தூளை அடக்குவதுமே பெரிய வேலைகள். சுமார் ஓர் அடி நீளமுள்ள கெட்டியான மரக்கட்டையின் மேற்பரப்பில் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் நீளமான பள்ளம் ஒன்றைச் செதுக்கினால், 2 மில்லிமீட்டர் குச்சியும் 8 மில்லிமீட்டர் குச்சியும் அதே பள்ளத்தில் நிலையாக அமர்ந்துகொள்ளும். பள்ளத்துக்குக் குறுக்கே, அறுக்கும் வட்டு நுழையும் அளவுக்கு மட்டும் குறுகிய பிளவு ஒன்று அடிவரை விடப்படுகிறது. பிளவு குறுகலாக இருந்தால்தான் வெட்டின் இருபுறமும் குச்சிக்குத் தாங்கல் கிடைத்து, விளிம்பில் இழைகள் பிரியாமல் இருக்கும். பள்ளத்தின் ஒரு முனையில் நகர்த்தி இறுக்கக்கூடிய சிறு தடுப்பை வைத்தால், ஒரே நீளத்தில் எத்தனை துண்டுகளும் எடுக்கலாம்.

அறுக்கும் உறுப்பாக வைரத்தூள் பூசிய சிறு வட்டு பொருத்திய கையடக்கச் சுழற்கருவி போதுமானது. நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றும் 100 மில்லிமீட்டர் கிரைண்டரை இவ்வளவு சிறிய குச்சிக்குப் பயன்படுத்துவது தேவையற்ற துணிச்சல். சுழற்கருவியைக் கீல் வைத்த பலகையில் கட்டி, பிளவுக்குள் மேலிருந்து இறங்குமாறு அமைத்து, வட்டு குச்சியின் மையத்தைச் சற்றுக் கடந்ததும் நின்றுவிடும்படி ஒரு திருகாணியால் ஆழத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பிறகு, வட்டிலிருந்து தொலைவிலுள்ள முனையைப் பிடித்துக் குச்சியை மெல்ல உருட்டினால், வெட்டு சுற்றிலும் வெளியிலிருந்து உள்நோக்கிச் சென்று நடுவில் முடிகிறது; அதனால் கடைசி இழைகள் கிழிந்து தொங்குவதில்லை.

வட்டின் சுழற்சி தூளைக் கீழ்நோக்கித் தள்ளுமாறு கருவியைத் திருப்பிவைத்து, பிளவின் அடியில் சிறிதளவு நீர் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவை வைத்தால் பெரும்பகுதி தூள் அதிலேயே அடங்கும். தண்ணீர் அருகில் இருப்பதால் மின்னிணைப்புக் கருவியைவிட மின்கலத்தில் இயங்குவதே ஏற்றது. டப்பா வைத்திருந்தாலும் என்95 தர முகக்கவசமும், பக்கவாட்டை மூடும் கண்ணாடியும் தவிர்க்க முடியாதவை. தளர்ந்த துணிக் கையுறை சுழலும் வட்டில் சிக்கிக்கொள்ளும் என்பதால், கையோடு ஒட்டிய மெல்லிய ரப்பர் கையுறையே பொருத்தம். மின்கருவி இல்லாதவர் அங்குலத்துக்கு 32 பற்கள் கொண்ட ஹாக்சா பிளேடாலும் இதே பள்ளத்தில் அறுக்கலாம். ஆனால் கார்பன் இழை பற்களை விரைவில் மழுக்கிவிடும்.

அறுத்த முனையை ஈரமான வாட்டர் பேப்பரில் தேய்த்து, ஒரு துளி உடனடிப் பசையால் மூடினால் இழை பிரியாது. தூளைத் துடைப்பத்தால் பெருக்கவோ வாயால் ஊதவோ கூடாது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அத்துணியோடு பையில் கட்டி எறிந்துவிட வேண்டும். நாளடைவில் பிளவு அகன்று தாங்கல் குறையும்போது, மரக்கட்டையை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டால் போதும்.